அனுப்பிய காசும் அறியாத கழிவும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

கடல் கடந்தேனும் பொருள் தேடு என்று நமக்குச் சொல்லி வைத்தார் ஔவையார். தேடிய பொருளை வீட்டுக்கு அனுப்பி வைக்க எத்தனை விழுக்காடு கழிவு கொடுக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. அந்நாளில் பொருள் தேடப் போனவன் பொருளோடு தானும் கப்பலேறித் திரும்பியிருப்பான். இன்றோ ஆள் அங்கேயே இருக்கிறான். பணம் மட்டும் மாதந்தோறும் வருகிறது. வரும் வழியில் சிறிது குறைந்தும் வருகிறது. அந்தக் குறைவைப் பற்றித்தான் இம்மலரில் எழுத விழைகின்றேன். பொருளாதாரத் துறைப் பேராசிரியர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், கணக்குப் படிக்கும் மாணவி தன் வேலியைத் தாண்டி வந்துவிட்டாள் என்று எண்ணாமல் பொறுத்தருள வேண்டுகிறேன். கணக்குதான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது.

என் தந்தை துபாயில் கம்பி கட்டும் தொழிலாளி. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது போனவர். போவதற்கு ஏஜெண்டிடம் கட்டிய பணம் கடன் வாங்கியது. நூற்றுக்கு மூன்று வட்டி. முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் சிற்றூரில், எங்கள் குடும்பத்தில், கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா தம் சாப்பாட்டுக்கும் போனுக்கும் போக, மாதம் 1,200 திர்ஹம் வீட்டுக்கு அனுப்புவார். அது ரூபாயாக மாறி அம்மாவின் வங்கிக் கணக்கில் விழும். எவ்வளவு விழுந்ததோ அவ்வளவுதான் என்று நாங்களும் பத்தாண்டுகளாக இருந்துவிட்டோம். மழை எவ்வளவு பெய்ததோ அவ்வளவுதான் என்று கண்மாய் இருப்பதைப்போல.

சென்ற ஆண்டு ஒரு நாள் அப்பா பணம் அனுப்பிய சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அன்று டாலர் மதிப்பு 85 ரூபாய். திர்ஹம் 1997 முதல் டாலரோடு கட்டிப்போடப்பட்ட காசு. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம், அது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஆகவே ஒரு திர்ஹத்துக்கு எத்தனை ரூபாய் என்று அறிய வகுத்தல் தெரிந்தால் போதும். வகுத்தேன். 23 ரூபாய் 14 காசு வந்தது. சீட்டில் இருந்ததோ 22 ரூபாய் 90 காசு. திர்ஹத்துக்கு 24 காசு குறைவு. 1,200 திர்ஹத்துக்கு 288 ரூபாய். இதற்கு மேல் கட்டணம் 23 திர்ஹம். அந்தக் கட்டணத்தின்மீது அந்நாட்டு மதிப்புக் கூட்டு வரி 5 விழுக்காடு. அது ஏறத்தாழ 559 ரூபாய். கூட்டிப் பார்த்தால் 847 ரூபாய். அனுப்பிய தொகையில் மூன்று விழுக்காடு.

அப்பா ஏஜெண்டுக்காக வாங்கிய கடனுக்கும் மாதம் மூன்று வட்டி. அவர் மாதந்தோறும் பணம் அனுப்பும்போதும் நூற்றுக்கு மூன்று. முதல் மூன்றுக்கு ஊரில் ஒரு கெட்ட பெயர் இருக்கிறது. வட்டிக்காரர் தெருவில் வந்தால் அம்மா கதவைச் சாத்துவார். இரண்டாவது மூன்றுக்குப் பெயரே இல்லை. குளிர்சாதன அறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்தக் கணக்கில் என்னை உறுத்தியது 559 ரூபாய் அன்று. அது சீட்டில் அச்சாகியிருக்கிறது, பார்த்தால் தெரியும், அடுத்த கடையில் 20 திர்ஹம் என்றால் அங்கே போகலாம். மற்ற 288 ரூபாய் எங்கும் எழுதப்படவில்லை. அது மாற்று விகிதம் என்ற போர்வைக்குள் இருக்கிறது. 'இன்றைய ரேட்டு இது' என்று பலகையில் போட்டிருந்தால், அது ஏதோ வானிலை அறிக்கைபோல மேலேயிருந்து வந்தது என்றே எவரும் நம்புவர். கடைக்காரர் தாமே வைத்த விலை என்று தோன்றாது. 'கட்டணம் இல்லை' என்று சில இடங்களில் விளம்பரம் செய்கிறார்கள். கட்டணத்தை எடுத்துவிட்டு அதை ரேட்டுக்குள் வைத்துத் தைத்துவிட்டால் இலவசம் ஆகிவிடுமா?

ஓராண்டுக்கு இந்த 847-ஐப் பெருக்கினால் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் எனக்கு ஓராண்டில் ஆகும் கட்டணமும் புத்தகமும் பேருந்துச் செலவும் அதற்குள் அடங்கிவிடும்.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்றால் இதழில் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் வகுப்பில் விசாரித்தேன். நாற்பத்திரண்டு பேரில் பதின்மூன்று பேருக்கு வெளிநாட்டில் அப்பாவோ அண்ணனோ மாமாவோ இருக்கிறார்கள். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024-இல் உலகெங்கும் உள்ள இந்தியர்கள் தாயகத்துக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 12,900 கோடி டாலர். வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு வருவதில்லை. 2023-24-ஆம் ஆண்டுக்கு ரிசர்வ் வங்கி எடுத்த கணக்கில் மராட்டியம், கேரளம் ஆகியவற்றுக்கு அடுத்தபடி தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு. இந்தியாவுக்கு வரும் இந்தப் பணத்தில் அனுப்பும் செலவு ஒரே ஒரு விழுக்காடு குறைந்தாலும் 129 கோடி டாலர் கம்பி கட்டுபவர், கொத்தனார், ஓட்டுநர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோர் குடும்பங்களில் தங்கும். (பெரிய சம்பளக்காரர்களும் இதில் உண்டு, அவர்கள் பெருந்தொகையாக அனுப்புவதால் அவர்களுக்கு விழுக்காடு குறைவாகவே விழுகிறது. கட்டணம் தொகையைப் பார்த்து வளர்வதில்லை என்பதால் ஏழைதான் அதிகம் கொடுக்கிறான். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பா அவசரமாக 200 திர்ஹம் அனுப்பினார். கட்டணம் மட்டும் 18 திர்ஹம். ஒன்பது விழுக்காடு!)

நான் பிறப்பதற்கு முன்னே என் தாத்தா பம்பாய் தாராவியில் தோல் பட்டறையில் இருந்தார். அவர் அப்பத்தாவுக்கு மணியார்டர் அனுப்புவார். தபால் இலாகாவில் இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். நூற்றுக்கு ஐந்து. தபால்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மோர் குடித்துவிட்டு, காப்பிக் காசும் வாங்கிக்கொண்டு போவாராம். 2009-இல் இத்தாலியில் கூடிய எட்டு பணக்கார நாடுகளின் தலைவர்கள், உலகில் பணம் அனுப்பும் சராசரிச் செலவை ஐந்தாண்டுகளில் பத்து விழுக்காட்டிலிருந்து ஐந்துக்குக் கொண்டுவருவோம் என்று உறுதி பூண்டார்கள். வியப்பாக இல்லையா? செயற்கைக்கோளும் கணிப்பொறியும் வந்த பிறகு உலகத் தலைவர்கள் எட்ட நினைத்த இலட்சியம், சைக்கிள் மிதித்து வந்த எங்கள் ஊர்த் தபால்காரர் எட்டியிருந்ததுதான். அந்த ஐந்தும் கிட்டவில்லை. பின்னர் ஐக்கிய நாடுகள் சபை 2030-க்குள் மூன்று விழுக்காட்டுக்குக் கீழே என்று குறித்தது. 200 டாலர் அனுப்பும் செலவின் உலகச் சராசரி 2024-இலும் ஆறு விழுக்காட்டுக்கு மேல் நின்றது. எங்கள் மூன்று விழுக்காட்டைப் பார்த்து நாங்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றுகூடச் சொல்லலாம். தென்னாப்பிரிக்காவில் வேலை செய்து அண்டை நாடுகளுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் பன்னிரண்டு விழுக்காட்டுக்கு மேலும் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி? கம்பியில் செய்தி ஓடினால் போதும். காசு மூட்டை எதையும் எவரும் தூக்கிச் செல்வதில்லை. வெஸ்டர்ன் யூனியன் 1851-இல் தந்திக் கம்பெனியாகத் தொடங்கி 1871-இலேயே தந்தி மூலம் பணம் அனுப்பத் தொடங்கியது. 2006-இல் தந்தியை மூடிவிட்டது. பணம் அனுப்புவதை மூடவில்லை. லாபம் எதில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

போட்டி வந்தால் விலை இறங்கும் என்று பாடநூல் சொல்கிறது. நானும் அதை நம்புகிறவள்தான். ஆனால் போட்டி என்பது கடைகளின் எண்ணிக்கை அன்று. ஆப்பிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். பல நாடுகளில் வெஸ்டர்ன் யூனியனும் மணிகிராமும் வங்கிகளோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன: எங்கள் பணத்தைத் தருகிற வங்கி வேறொரு கம்பெனியின் பணத்தைத் தரக்கூடாது. கிராமத்தில் இருப்பதே ஒரு வங்கி. அது ஒரு கம்பெனிக்குத் தாலி கட்டிக்கொண்டால், இலண்டன் தெருவில் நூறு கம்பெனி இருந்தும் பயன் என்ன? 2009-இல் வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியம் வெளியிட்ட அறிக்கை, ஆப்பிரிக்காவில் பணம் பெறும் இடங்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு இந்த இரண்டு கம்பெனிகளின் பிடியில் இருந்ததாகக் கூறியது.

கென்யாவில் 2007-இல் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணம் வந்தது. நைரோபியில் காவல்காரராக இருப்பவர் கிராமத்து மனைவிக்குப் பெட்டிக்கடை மூலமே பணம் அனுப்ப முடிந்தது. எல்லோரும் கைதட்டினோம். ஆனால் அதை நடத்திய சஃபாரிகாம் நிறுவனமும் வளர்ந்தபின் பழைய பாட்டைத்தான் பாடியது: எங்கள் ஏஜெண்ட் வேறெவருக்கும் வேலை செய்யக்கூடாது. 2014-இல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் தலையிட்டு அந்தக் கட்டை அவிழ்த்தது. போட்டியினால் வளர்ந்தவன் போட்டியை விரும்பமாட்டான். இதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வியாபாரத்தின் இயல்பு அது. அவிழ்ப்பதற்கு ஓர் ஆணையம் இருந்ததா என்பதே கேள்வி.

துபாய்க்கு வருகிறேன். தேராப் பகுதியில் நடந்தால் அடுத்தடுத்து எக்ஸ்சேஞ்ச் கடைகள் என்று அப்பா சொல்வார். 'பிறகு ஏனப்பா ரேட்டுக் குறைவான இடத்திலேயே அனுப்புகிறீர்கள்?' என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்:

'ஆத்தா, கேம்ப்புல இருந்து தேராவுக்குப் போக வரப் பஸ்ஸுக்கு ஆவுது. இருக்கிறது ஒருநாள் லீவு. அதுல துணி துவைக்கணும், சமைக்கணும். சம்பளக் கார்டு இந்தக் கடைக்காரன் கொடுத்தது. இவன்கிட்டயே எடுத்து இவன்கிட்டயே அனுப்பிச்சா ஒரு வரிசையில முடிஞ்சுபோவுது. அதோட அந்தக் கவுண்டர்ல நம்ம பக்கத்துப் பையன் இருக்கான். பேப்பர்ல எழுதித் தாரான். பணம் வரலைன்னா அவனப் போய்ப் புடிக்கலாம்.'

இந்த எட்டு வாக்கியத்துக்குள் ஒரு பாடமே இருக்கிறது. அமீரகத்தில் 2009 முதல் தொழிலாளர் ஊதியத்தை அரசு கண்காணிக்கும் முறைவழியாகவே முதலாளி செலுத்த வேண்டும். சம்பளம் கொடுக்காமல் ஏமாற்றுவதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு. என் தந்தையே அதனால் ஒருமுறை தப்பினார். ஆனால் எந்த எக்ஸ்சேஞ்ச் வழியாகச் சம்பளம் என்பதை முடிவு செய்பவர் முதலாளி. தொழிலாளி அந்த வாசலில் நின்றே தம் பணத்தை முதலில் பார்க்கிறார். அங்கேயே அனுப்பவும் செய்கிறார். போட்டி நடந்தது முதலாளியைப் பிடிப்பதற்காக. தொழிலாளியைப் பிடிப்பதற்காக அன்று. கட்டணம் கொடுப்பவர் ஒருவர், கடையைத் தேர்ந்தெடுப்பவர் இன்னொருவர் என்றால் விலை எப்படி இறங்கும்?

இன்னொன்றும் உண்டு. 2024 தொடக்கத்தில் அமீரகத்து எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்களின் சங்கம், கிளைகளில் பணம் அனுப்பும் கட்டணத்தைப் பதினைந்து விழுக்காடு, அதாவது குறைந்தது இரண்டரை திர்ஹம், உயர்த்த அதிகாரிகள் இசைந்துள்ளதாக அறிவித்தது. ஐந்தாண்டுகளாக உயர்த்தவில்லை, வாடகையும் சம்பளமும் ஏறிவிட்டன என்பது அவர்கள் தரப்பு. அதில் உண்மை இருக்கலாம். எனினும் சங்கம் கூடி ஒரே நேரத்தில் விலை ஏற்றுவதற்குப் போட்டி என்று எந்தப் பாடநூலில் பெயர்? எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்து டீக்கடைக்காரர்களும் அப்படித்தான் ஒரே நாளில் விலை ஏற்றினார்கள். அவர்கள் போட்டியாளர்கள் என்று எவரும் சொல்லவில்லை.

செயலி இருக்கிறதே, கைப்பேசியிலேயே அனுப்பலாமே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்மை. அவை மலிவுதான். ஆனால் அப்பாவுக்கு ஆங்கிலத் திரையில் ஓர் எண் தவறிப் போனால் மாதச் சம்பளம் போய்விடுமே என்ற அச்சம். அந்த அச்சத்தை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். 2020 மார்ச்சில் வளைகுடாவின் மிகப் பெரிய எக்ஸ்சேஞ்ச் ஒன்று திடீரென்று புதிய வேலையை நிறுத்தியபோது வரிசையில் நின்றவர்கள் அவர்கள். நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. அப்பா அதைத் தெரிந்தேதான் கொடுக்கிறார்.

ஒருமுறை அவர்கள் அறையிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நால்வர் பணத்தையும் ஒருவர் பெயரில் சேர்த்து அனுப்பினால் ஒரே கட்டணம். ஊரில் அவர் வீட்டார் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆறு மாதம் நன்றாக நடந்தது. ஏழாம் மாதம் அந்த மனிதரின் கணக்கில் பணம் விழுந்தவுடன், அவர் தம்பி வாங்கி நிலுவை வைத்திருந்த கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்ததால், வங்கி முழுவதையும் பிடித்துக்கொண்டது. வங்கியின் மேல் சட்டப்படி தவறில்லையாம். எங்கள் 1,200 திர்ஹமும் அதற்குள். அது என் முதலாண்டுப் பருவத் தேர்வுக் கட்டணம் கட்டும் மாதம். அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். பணம் நான்கு மாதத்தில் திரும்பி வந்தது. அறையில் நால்வரும் பழையபடி பேசிக்கொள்வதில்லை. இருபது திர்ஹம் மிச்சம் பிடிக்கப் போய் பன்னிரண்டாண்டு நட்பு போயிற்று.

உண்டியல்காரர்களையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாக இராது. அங்கே திர்ஹத்தைக் கொடுத்தால் இங்கே ஒருவர் இருசக்கர வண்டியில் வந்து ரூபாயாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். சீட்டு இல்லை, கட்டணம் இல்லை, ரேட்டும் கூடுதல். 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி அது விதிமீறல். பணம் வராவிட்டால் எவரிடமும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: வங்கிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் உண்மையான போட்டியாளராக ஊருக்குள் இத்தனை நாள் இருந்தவர் அவர் ஒருவர்தானே? சோதனை போட்டு அவரை ஒழிப்பதைவிட, நேர்வழியின் விலையைக் குறைத்தால் அவர் தாமாகவே வேறு தொழில் பார்ப்பார் என்பது என் கருத்து.

விலையைக் குறைக்க வழியில்லை என்பதும் பொய். 2023 பிப்ரவரி 21 அன்று நம் யூபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ் முறையையும் இணைத்தார்கள். தொடக்கத்தில் நாளொன்றுக்கு அறுபதாயிரம் ரூபாய் வரை. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் முதலில் சேர்ந்தவற்றுள் இருந்தன. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கும் என் பெரியம்மா மகன் கைப்பேசி எண்ணை மட்டும் போட்டு அனுப்புகிறார். பெரியம்மாவின் போன் அடுத்த நிமிடம் மணியடிக்கிறது. இங்கே நடந்தது என்ன? ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியைவிட நல்லதாகிவிடவில்லை. அரசுகள் பொதுச்சாலை போட்டன. தனியார் பாலம் ஒன்றுக்கு எதிரே பொதுப்பாலம் கட்டினால், தனியார் பாலத்துச் சுங்கமும் தானே இறங்கும். ஆனால் இதிலும் மாற்று விகிதத்தை வைப்பது வங்கிதான் என்பதை மறக்கக்கூடாது. போர்வை இன்னும் முழுதும் விலகவில்லை.

அமெரிக்காவில் 2013 அக்டோபர் முதல் ஒரு விதி இருக்கிறது. அங்கிருந்து பணம் அனுப்புகிறவர் காசைக் கொடுக்கும் முன்பே, கட்டணம் எவ்வளவு, மாற்று விகிதம் என்ன, ஊரில் கைக்கு எத்தனை வரும் என்பதை எழுத்தில் காட்ட வேண்டும். நல்ல விதி. (அதே நாடு 2026 ஜனவரி முதல், ரொக்கமாகக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு ஒரு விழுக்காடு வரியும் போட்டிருக்கிறது. ஒரு கையால் கொடுப்பதும் மறு கையால் எடுப்பதும் அரசுகளுக்குப் புதிதன்று.) எனக்கு இன்னும் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: 'இன்றைய சந்தை விகிதத்தில் அனுப்பியிருந்தால் இவ்வளவு வந்திருக்கும்' என்று அதே சீட்டில், தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் வங்காளத்திலும் அச்சிட வேண்டும். நம் அரசு 2024-இல் உலக வணிக அமைப்பில் இந்தச் செலவைக் குறைக்கக் கோரிக்கை வைத்தது. அமீரகத்தோடும் மற்ற வளைகுடா நாடுகளோடும் வாணிப உடன்பாடு பேசும் மேசையில் இந்த ஒரு வரியையும், சம்பளக் கார்டு எந்தக் கடையுடையதாயினும் பணத்தை எங்கு வேண்டுமானாலும் அனுப்பும் உரிமையையும் வைத்துப் பேசலாம். எண்ணெயும் தங்கமும் பேசுகிற இடத்தில் எங்கள் 24 காசைப் பேசினால் மதிப்புக் குறைந்துவிடாது.

அது வரும்வரை? என் வகுப்பில் அந்தப் பதின்மூன்று பேரும் கூடி ஒரு வேலை செய்கிறோம். சென்ற பருவம் முதல், வெள்ளிதோறும் துறை அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் அன்றைய டாலர் மதிப்பையும், அதை வகுத்துத் திர்ஹம், ரியால், சிங்கப்பூர் டாலர் ஆகியவற்றுக்கு வரும் ரூபாயையும் எழுதி வைக்கிறோம். அதன் பக்கத்தில், அவரவர் வீட்டுக்கு வந்த சீட்டின் விகிதம். கடைப் பெயர் கிடையாது, எண் மட்டும். ஒரே வாரத்தில் ஒரே ஊரிலிருந்து அனுப்பிய இருவருக்கிடையே திர்ஹத்துக்கு 31 காசு வேறுபாடு வந்ததைப் பார்த்து எங்கள் புள்ளியியல் ஆசிரியரே சற்று நேரம் நின்றார். பிறகு அதையே வகுப்பில் திட்டவிலக்கத்துக்கு எடுத்துக்காட்டாகப் போட்டார்.

பலகையின் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். அறையில் எல்லோருக்கும் காட்டினாராம். 'அந்த 31 காசு கூட வந்த கடை எதுன்னு கேளு ஆத்தா' என்றார். அந்தக் கடை கேம்ப்பிலிருந்து இரண்டு பேருந்து தூரம் என்று தெரிந்தது. போகவரப் பஸ்ஸுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்லும்படி இப்போது என்னிடம் கேட்டிருக்கிறார்.